உச்சித்தளமும் கடற்கரையும்: ஒரு விளம்பர வரியின் வரலாறு

நிலத்தரகர்களின் விளம்பரங்களை இலக்கியமாக எவரும் படிப்பதில்லை. ஆயினும் 'மத்தியதரைக் கடலோரத்து அமைதியான சிற்றூரில் டூப்ளெக்ஸ் பென்ட்ஹவுஸ் விற்பனைக்கு' என்ற ஒற்றை வரியை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினால் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு விரிகிறது. உச்சித்தளம் ஏழையின் இருப்பிடமாகவும், ஈரடுக்கு வீடு தொழிலாளியின் குடியிருப்பாகவும், கடற்கரை மனிதர் அஞ்சி ஒதுங்கிய இடமாகவும் இருந்த காலங்கள் உண்டு. இம்மூன்றும் எவ்வாறு ஒரே விலைச்சீட்டில் வந்து சேர்ந்தன, அவ்விலையைக் கொடுப்பவர் உண்மையில் எதற்கு உரிமையாளர் ஆகிறார் என்பவற்றை, ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையை முதன்மைச் சான்றாகக் கொண்டு காண்போம்.

உச்சித்தளம்

பண்டைய ரோமில் எளிய மக்கள் 'இன்சுலா' எனப்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களில் வாழ்ந்தனர். லத்தீனில் அச்சொல்லுக்குத் தீவு என்று பொருள். கீழ்த்தளத்தில் கடைகள், அதற்கு மேல் ஓரளவு வசதியான குடியிருப்புகள், மேலே போகப்போக அறைகள் சிறுத்தன, வாடகையும் குறைந்தது. தண்ணீரைச் சுமந்துகொண்டு படியேற வேண்டும். தீப்பற்றினால் கடைசியில் செய்தி அறிபவர் ஓட்டுக்கூரையை ஒட்டி வாழ்பவரே. ஜுவெனல் தமது மூன்றாம் அங்கதப் பாடலில் ரோம் வாழ்வின் அவலங்களுள் ஒன்றாக இதனைச் சொல்கிறார். இடிந்து விழும் ஆபத்தும் இருந்தபடியால், அகஸ்டஸ் புதிய கட்டடங்களின் உயரத்தை 70 ரோமானிய அடிக்குள் நிறுத்தினார்; டிராஜன் அதனை 60 அடியாகக் குறைத்தார். ரோமின் துறைமுக நகரான ஒஸ்தியாவில் இத்தகைய கட்டடங்களின் எச்சங்களை இன்றும் காணலாம்.

செல்வர்களும் உயரத்தை விரும்பினர். ஆனால் தமக்கே உரிய வீட்டில். இளைய பிளினி தமது லவுரெந்தும் கடற்கரை மாளிகையைப் பற்றி எழுதிய கடிதத்தில், கடலை நோக்கிய உணவறையைக் கொண்ட ஒரு கோபுரத்தை விவரிக்கிறார். அம்மாளிகையில் அவர் பெரிதும் நேசித்த பகுதியோ, பணியாளரின் குரலும் கடலின் இரைச்சலும் எட்டாதவாறு தாமே கட்டுவித்த ஓர் அறை. 'அமைதியான கடலோரம்' என்னும் ஆசை அன்றே தோன்றிவிட்டது. அந்த அமைதி எளிதில் கிட்டவில்லை என்பதற்கும் சான்று உண்டு: கடலோர உல்லாச நகரான பாயியேவுக்குச் சென்ற செனெகா, அங்குள்ள கேளிக்கைகளைப் பொறுக்காமல் மறுநாளே புறப்பட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார்.

மாடியேறுவது மனிதரின் கால்களை நம்பி இருந்தவரை உச்சித்தளம் மலிவாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாரிஸ் மாளிகைகளில் சீமான்கள் தரைக்கு அருகிலுள்ள தளங்களில் வாழ, கூரையடி அறைகள் வேலைக்காரப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. இந்நிலையைப் புரட்டிப்போட்டது ஓர் இயந்திரம். எலிஷா ஓட்டிஸ், கயிறு அறுந்தாலும் வீழாத மின்தூக்கியின் முன்னோடியை 1854இல் நியூயார்க்கில் மக்கள் முன் செய்து காட்டினார். 1857இல் அந்நகரின் வணிக நிலையம் ஒன்றில் நீராவியால் இயங்கும் பயணியர் தூக்கி பொருத்தப்பட்டது. அதன்பின் உயரம் என்பது களைப்பாக இல்லாமல் காட்சியாகவும் காற்றாகவும் மாறியது. 1920களில் நியூயார்க் செல்வர்கள் மொட்டைமாடிகளின் மீது வீடு கட்டிக்கொண்டனர். பென்ட்ஹவுஸ் என்னும் சொல்லே அதுவரை சுவரோடு ஒட்டி இறக்கிய சாய்ப்பைக் குறித்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது. சாய்ப்பு, சிகரமாயிற்று.

ஈரடுக்கு

ஒரே வீட்டுக்குள் படிக்கட்டு வைத்து இரண்டு தளங்களாக அமைக்கும் முறை, மாடிக் குடியிருப்புகளில் இரு வழிகளில் வளர்ந்தது. ஒன்று நியூயார்க் செல்வர்களின் வழி. மற்றது ஐரோப்பாவின் பொதுவுடைமைக் கனவு கண்ட கட்டடக்கலைஞர்களின் வழி. இரண்டாவது, நம் கவனத்துக்கு மிகவும் உரியது.

பார்சிலோனாவின் சாண்ட் ஆந்த்ரேயு பகுதியில் தொழிலாளர்களுக்காக 'காஸா பிளோக்' என்னும் குடியிருப்பு 1932இல் வடிவமைக்கப்பட்டது. ஜொசெப் லூயிஸ் செர்ட், ஜொசெப் டொரெஸ் க்ளாவே, ஜொவான் சுபிரானா ஆகிய மூவர் அதனை ஆக்கினர். வெயிலும் காற்றும் இருபுறமும் நுழையும் ஈரடுக்கு வீடுகள் அதில் அமைந்தன. கட்டுமானம் முடிவதற்குள் உள்நாட்டுப் போர் வந்தது. டொரெஸ் க்ளாவே 1939 ஜனவரியில் போர்முனையில் மடிந்தார். செர்ட் நாட்டைவிட்டு வெளியேறினார். வென்ற ஃபிராங்கோ ஆட்சி, தொழிலாளர்க்கெனக் கட்டிய அவ்வீடுகளைப் படையினரின் குடும்பங்களுக்கு வழங்கியது.

அதே மத்தியதரைக் கடலோரத்து மார்செய் நகரில், லெ கொர்புசியே 1952இல் கட்டி முடித்த 'யூனிதே தாபிதாசியோன்' அதே கனவின் மற்றொரு உருவம். 337 குடியிருப்புகளில் பெரும்பாலானவை ஈரடுக்கு. அக்கட்டடத்தின் உச்சியில் எவருக்கும் தனி வீடு இல்லை. மழலையர் பள்ளியும், குழந்தைகள் அளையும் சிறு குளமும், ஓடுபாதையும் அங்கே இருந்தன. மலையையும் கடலையும் பார்க்கும் உரிமை அங்குள்ள அனைவருக்கும் பொது என்பது அந்த அமைப்பின் கருத்து. பின்வந்த கட்டுமான வணிகம் ஈரடுக்கை எடுத்துக்கொண்டது, பொதுமாடியை விட்டுவிட்டது.

கடற்கரை

கடற்கரையின் கதையோ இன்னும் வியப்பானது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கிழக்குக் கரையில் வீடு வாங்குமாறு ஒருவரிடம் சொல்லியிருந்தால், அவர் நம்மைப் பகைவராகவே எண்ணியிருப்பார். வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலிருந்து வந்த கடற்கொள்ளையர் கரையோர ஊர்களைச் சூறையாடி மக்களை அடிமைகளாகக் கொண்டு சென்றனர். மெனோர்க்கா தீவின் சியுதாதெல்யா நகரை 1558இல் ஒட்டோமன் கப்பற்படை அழித்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சிறைபிடித்தது. அலிகாந்தே அருகிலுள்ள வில்யஹொயோசா ஊர், 1538இல் தன்மீது நடந்த தாக்குதலை இன்றும் ஆண்டுதோறும் விழாவில் நடித்துக் காட்டுகிறது. இரண்டாம் ஃபிலிப்பின் காலத்தில் வலென்சியாக் கரை நெடுகக் காவற்கோபுரங்கள் எழுந்தன. கடலைப் பார்ப்பது அன்று காவலரின் தொழில். இன்று அதே கோபுரங்களைச் சுற்றி, கடலைப் பார்ப்பதற்காகவே மனிதர் பெரும்பணம் கொடுக்கின்றனர்.

அச்சம் விலகப் பல தலைமுறைகள் ஆயின. அல்ஜியர்ஸுடன் ஸ்பெயின் 1786இல் உடன்படிக்கை செய்துகொண்டது. அதே காலத்தில் ஐரோப்பியர் மனத்தில் கடற்கரையின் பொருளும் மாறிக்கொண்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து எழுந்த இம்மாற்றத்தை ஃபிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலேன் கொர்பேன் 1988இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். முதலில் மருத்துவர்கள் நோயாளிகளை அனுப்பினர். பின்னர் குளிர்நாட்டுச் செல்வர்கள் வந்தனர். நீஸ் நகரின் புகழ்பெற்ற கடலோர நடைபாதை, 1820களில் வேலையிழந்த ஏழைகளுக்குப் பிழைப்புத் தரும்பொருட்டு அங்கு குளிர்காலத்தைக் கழித்த ஆங்கிலேயர் பணம் திரட்டி அமைத்த பாதையிலிருந்து வளர்ந்தது. நீஸுக்குப் புறப்பட்ட பிரௌம் பிரபு, 1834இல் காலரா தடையினால் வழியில் நிறுத்தப்பட்டு, கான் என்னும் மீனவர் ஊரில் தங்கி, அங்கேயே மாளிகை கட்டினார். அமைதியான சிற்றூரைக் கண்டுபிடித்து, அக்கண்டுபிடிப்பினாலேயே அதன் அமைதியைக் குலைத்தவர்களின் நெடிய வரிசை அங்கே தொடங்குகிறது.

ஸ்பெயினில் இவ்வரிசை மிக வேகமாக நகர்ந்தது. பெனிதோர்ம் 1950இல் மூவாயிரத்துக்கும் குறைவானோர் வாழ்ந்த ஊர். அங்குள்ள ஆடவர் சூரை மீன்பிடியிலும் கப்பல் வேலையிலும் பெயர்பெற்றவர். நகரத்தலைவர் பெத்ரோ ஸராகோஸா 1956இல் ஒரு நகரமைப்புத் திட்டத்தை நிறைவேற்றினார். 1963இல் கட்டட உயர வரம்பும் நீக்கப்பட்டது. இதற்கிடையே 1959ஆம் ஆண்டின் பொருளாதார நிலைநிறுத்தத் திட்டம், பெசெத்தா நாணயத்தின் மதிப்பைக் குறைத்து டாலருக்கு 60 என நிர்ணயித்தது. வெளிநாட்டாருக்கு ஸ்பெயின் மலிவாயிற்று. 1960இல் சுமார் 60 லட்சமாக இருந்த வருகையாளர் தொகை 1973இல் சுமார் 3.4 கோடியை எட்டியது. இன்று பெனிதோர்மின் கோபுரங்கள் பல கல் தொலைவிலிருந்தே தெரிகின்றன. அதன் இரைச்சலுக்கு அஞ்சியோர் அடுத்தடுத்த ஊர்களில் 'அமைதி'யைத் தேட, அவ்வூர்களும் ஒவ்வொன்றாகக் கட்டடங்களால் நிரம்பின.

உரிமை

காற்றில் நிற்கும் ஒரு வீட்டை விற்பது எப்படி? நிலமே சொத்து என்று எண்ணிய பழைய சட்டங்களுக்கு இக்கேள்வி கடினமானது. ஸ்பெயின் 1960 ஜூலையில் இயற்றிய 'கிடைநிலைச் சொத்துரிமைச் சட்டம்' இதற்கு முறையான விடை தந்தது. வீட்டின் உட்புறம் வாங்கியவருக்குத் தனிச்சொத்து. நிலம், அடித்தளம், சுவர், படிக்கட்டு, கூரை ஆகியவை அனைவருக்கும் பொதுச்சொத்து. நம் ஊரில் 'பிரிக்கப்படாத பங்கு' என்று பத்திரத்தில் எழுதுகிறோமே, அதனை ஒத்த ஏற்பாடு.

இதன் விளைவு சுவையானது. உச்சித்தளத்தை வாங்குபவர் எதற்காகக் கூடுதல் விலை தருகிறாரோ, அந்தத் திறந்த மாடி, கட்டடத்தின் கூரை என்ற அளவில் பொதுச்சொத்தாகவே இருக்கிறது. பெரும்பாலும் அவருக்குக் கிடைப்பது அதனைத் தனித்துப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே. மழைநீர் கீழ்வீட்டுக்குக் கசிந்தால், அது தளக்கல்லின் பழுதா, அதனடியில் உள்ள நீர்த்தடுப்பின் பழுதா என்று பார்க்க வேண்டும். முன்னது பயன்படுத்துபவர் செலவு. பின்னது பொதுவாக எல்லாரின் செலவு. கண்ணாடியிட்டு மறைக்கவோ அறை கட்டவோ நினைத்தால், அண்டைவீட்டார் கூடும் சங்கத்தின் இசைவும் நகராட்சியின் அனுமதியும் வேண்டும்.

காட்சி பொதுவா தனியா என்ற கேள்வி கடற்கரையிலும் எழுந்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, கடற்கரையைப் பொதுவுடைமை என்று அறிவித்தது. 1988ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம் அதற்கு எல்லை வகுத்தது. பொதுநிலம் என்று வரையறுக்கப்பட்ட இடத்தில் ஏற்கெனவே சட்டப்படி நின்ற வீடுகளின் உரிமை, காலவரம்புள்ள பயன்பாட்டு உரிமையாகச் சுருங்கியது. 2013இல் திருத்தப்பட்டபோது, அவ்வரம்பு 75 ஆண்டுகள் வரை நீட்டிக்கப்படலாம் என்றாயிற்று. தலைமுறைகளாக அலையோரத்தில் வாழ்ந்த மீனவக் குடும்பமும், நேற்று வாங்கிய அயல்நாட்டவரும் ஒரே சட்டத்தின்முன் நின்றனர்.

சட்டம் இருந்தும் ஊர்கள் அடங்கவில்லை. 2006இல் மட்டும் ஸ்பெயின் முழுவதும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்ட ஒப்புதல் பெறப்பட்டது. அதே ஆண்டில், காபோ தெ காத்தா இயற்கைப் பூங்காவின் கடற்கரையில் எழுந்த 411 அறைகள் கொண்ட விடுதியின் கட்டுமானத்தை நீதிமன்றம் நிறுத்தியது. 2008 ஜனவரியில் அல்மெரியா மாகாணத்தின் வேராவில், நகராட்சி உரிமத்துடன் கட்டப்பட்ட ஒரு முதிய ஆங்கிலத் தம்பதியரின் வீடு, அவ்வுரிமம் செல்லாது என்ற காரணத்தால் இடிக்கப்பட்டது. அவர்கள் தரப்பு கேட்கப்படவில்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் பின்னர் கூறியது, வீடு திரும்பவில்லை. 2009 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம், ஸ்பெயினின் கட்டுப்பாடற்ற நகராக்கத்தைக் கண்டிக்கும் அறிக்கையை ஏற்றது. அதற்குள் சந்தை சரிந்து, பாதியில் நின்ற கட்டடங்கள் கரையெங்கும் வெறித்துக் கிடந்தன.

சரிந்த சந்தையைத் தூக்கி நிறுத்த, 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கு வதிவுரிமை தரும் சட்டம் 2013இல் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஏப்ரலில் அது முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் மயோர்க்காவிலும் மாலகாவிலும் மக்கள் தெருவில் இறங்கி, தாம் பிறந்த ஊரில் தமக்கு வாடகைக்கும் வீடில்லை என்று முழங்கினர். உணவகத்தில் பரிமாறுபவர், மருத்துவமனைச் செவிலியர், பள்ளி ஆசிரியர் என்று ஊரை ஊராக வைத்திருப்பவர்கள் அவர்கள்.

விலைப்பட்டியலில் 'அமைதி'க்குத் தனியே ஒரு தொகை குறிக்கப்படுவதில்லை. எனினும் விற்கப்படும் பொருள்களுள் அதுவே முதன்மையானது. கட்டியவர் உண்டாக்காததும் அதுவே. விடியுமுன் வலையை இழுத்து வந்து, பகலில் கதவைச் சாத்தி உறங்கிய மனிதர்களின் ஊர் அது. அவர்களின் பிள்ளைகள் வாழ வழியின்றி வெளியேறியபின், ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கிடையே நிலவுவதும் அமைதிதான். வாங்குபவர் கையெழுத்திடுமுன் இவ்விரண்டில் எதற்கு விலை கொடுக்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. பத்திரத்தில் அது எழுதப்பட்டிருக்காது.