பேற்றுவழியும் காரண ஆராய்ச்சியும்

வெட்டவெளியிற் கிடந்த கடிகாரம் ஒன்றைக் கண்டோன், அதன் உறுப்புக்கள் தம்முள் இயைந்து இயங்குதலை நோக்கி, இதனைச் செய்தான் ஒருவன் உளன் எனத் துணிவன். உயிர்களின் உடம்பும் அத்தகையதே என்பது, இங்கிலாந்திற் கிறித்துவ குருவாயிருந்த வில்லியம் பேலி என்பார் 1802-இல் வெளியிட்ட நூலின் முடிபாகும். கண்ணை எடுத்துக்கொள்ளின் இவ்வனுமானம் வலியுடைத்தாகவே தோன்றும். மகளிரது பேற்றுவழியை எடுத்துக்கொள்ளின் இடர்ப்பாடு நேரும். மக்கட்குழவி தாயின் இடுப்பெலும்பு வளையத்தினூடே தலை திருப்பி மிக நெருக்குண்டே வெளிப்படுகின்றது; சிம்பன்சிக் குழவிக்கோ அவ்வழி அகலமுடையது. அறிவுடையோன் ஒருவன் அமைத்தானாயின், மக்கட்கு மாத்திரம் இடுக்கமாக அமைத்தது என்னை?

இவ்வினாவிற்கு விவிலியத்தை ஓதுவார் நெடுங்காலம் கொண்டிருந்த விடை, பேற்றுநோவு ஏவாளின் குற்றம் பற்றி விதிக்கப்பட்டது என்பது. இவ்விடை ஏட்டளவில் நின்றதன்று. எடின்பரோ நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன், 1847 ஜனவரியில், இடுப்பெலும்பு கோணிக் குறுகிய ஒருத்திக்கு ஈதர் என்னும் மயக்க மருந்தளித்துப் பேறு பார்த்தார். அவ்வாண்டு நவம்பரிற் குளோரோபாரத்தைக் கையாண்டார். தெய்வம் விதித்த நோவை மனிதன் மாற்றுதல் தகுமோ எனத் தடை நிகழுமென்று கருதி, டிசம்பரில் அவர் விடைநூல் ஒன்றும் எழுதினார். அது மருத்துவ நூலன்று, சொற்பொருளாராய்ச்சியே. எபிரேய மூலத்துச் சொல் நோவைக் குறியாது உழைப்பையே குறிக்கும் என்றும், ஆதாமின் விலாவெலும்பை எடுக்குமுன் இறைவனே அவனுக்கு அயர்ந்த துயிலை வருவித்தான் என்றும் காட்டினார். தம்பால் வந்த மகளிர்பொருட்டு மருத்துவர் ஒருவர் மூலபாடம் தேடிச் சென்றமை வியக்கற்பாலது. 1853-இல் விக்டோரியா அரசியாரும் குளோரோபாரம் பெற்றே மகவு ஈன்றார்.

1859-இலும் 1871-இலும் வெளிவந்த டார்வினின் நூல்கள் வினாவையே மாற்றின. உறுப்புக்கள் முன்னோக்கி அமைக்கப்பட்டனவல்ல. பழையன சிறிது சிறிதாய்த் திரிந்தவை என்பது அவர் கொள்கை. (ஈண்டுப் பரிணாமம் என்பது சாங்கியர் கூறும் பொருளிலன்று.) இதனைப் பேற்றுவழியின்கண் பொருத்தினவருள் பெரிதும் அறியப்பட்டவர் அமெரிக்க அறிஞர் ஷெர்வுட் வாஷ்பர்ன். நிமிர்ந்த நடைக்கு ஏற்ப இடுப்பு வளையம் ஒடுங்கிற்று. கருவி கையாளுதலான் மூளை பெருத்தது. இம்முரண்பாட்டால் குழவி வளர்ச்சி நிரம்புமுன் பிறக்கின்றது என அவர் 1960-இற் கூறினார். அழகிய விடை, ஐம்பதாண்டு பாடநூல்களில் நிலவிற்று.

ஆயினும் இடுப்பு அகலின் நடைக்கு ஆற்றல் மிகுதியும் செலவாம் என்ற ஏது அளந்து நிறுவப்பட்டதன்று. பொருத்தமாயிருத்தலையே சான்றாகக் கொண்ட பேலியின் குற்றம் ஈண்டும் புகுந்தது என்பேன். ஹாலி டன்ஸ்வொர்த் முதலியோர், தாயின் உடம்பு கருவிற்கு ஈயவல்ல ஆற்றலின் எல்லையே பிறப்புக் காலத்தை வரையறுக்கும் என 2012-இல் வாதித்தனர். அன்னா வாரனர் முதலியோர் ஆடவரையும் மகளிரையும் நடக்கவும் ஓடவும் செய்து அளந்து, அகன்ற இடுப்பினால் ஆற்றற்செலவு மிகவில்லை என 2015-இல் வெளியிட்டனர். இவற்றால் பரிணாமக் கொள்கை வீழ்ந்ததென்று கொள்ளற்க. அதன்கண் கூறப்பட்ட ஓர் ஏதுவே தளர்ந்தது. 2021-இல் வந்த மற்றோர் ஆராய்ச்சியோ, வளையம் அகலுந்தோறும் உள்ளுறுப்புக்களைத் தாங்கும் அடித்தசை மிகவும் தொய்யும் எனக் கணித்து, இடுக்கத்திற்கு வேறு காரணம் காட்டுகின்றது.