இஞ்சிக்குழி எப்போது தொலைவானது?

தாமிரபரணி பிறந்து இறங்கும் வழியில் மனிதர் குடியிருக்கும் முதல் இடம் இஞ்சிக்குழி. பொதிகையின் பூங்குளத்தில் ஊறி, சோலைக்காட்டுக்குள் இறங்கும் ஆறு, பாணதீர்த்தத்தில் அருவியாக விழுவதற்கு முன்னால் காணிப் பழங்குடியினரின் இந்தக் குடியிருப்பை ஒட்டிப் போகிறது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய குடும்பங்கள்தான் அங்கே. கீழே வர வேண்டுமென்றால் காட்டுப் பாதையில் மணிக்கணக்கில் நடந்து, காரையாறு அணையின் நீர்ப்பரப்பைப் படகில் கடக்க வேண்டும். படகு ஓடாத நாளில் நீரைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். முதியோர் உதவித்தொகையைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு தபால்காரர் மாதந்தோறும் இந்தக் காட்டுக்குள் நடந்த செய்தி சில ஆண்டுகளுக்கு முன் நாளிதழ்களில் வந்து பலரை நெகிழ வைத்தது. அந்த நெகிழ்ச்சியில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. இந்த ஊர் எப்போதிலிருந்து இவ்வளவு தொலைவில் இருக்கிறது? மலையும் காடும் தந்த தொலைவு என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். கிடைக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால், அதில் பெரும்பங்கு கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில், அதிலும் 1940களுக்குப் பிறகு, அரசாங்கங்கள் எடுத்த முடிவுகளால் உண்டானது என்று தெரிகிறது. இஞ்சிக்குழியின் நாளையைப் பற்றிப் பேச இந்த உண்மைதான் சரியான தொடக்கம் என்பது என் கருத்து.

பழைய காலத்தில் பொதிகை ஒதுங்கிக் கிடந்த மலை அல்ல. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய தாலமி, பெட்டிகோ என்ற மலையையும் அதில் பிறக்கும் சோலன் என்ற ஆற்றையும் குறிக்கிறார். அவை பொதிகையும் தாமிரபரணியும் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். ஆய் நாடும் முத்துக்குப் பேர்போன கொற்கையும் அதே நூலில் இடம்பெறுகின்றன. சங்கப் பாடல்களில் ஆய் குடியினர் பொதியில் என்னும் பொதிகையின் தலைவர்கள். ஒரு மலையின் பெயரோடு ஓர் ஆளும் குடி சேர்த்துப் பேசப்பட்டதென்றால், அந்த மலையின் மிளகும் சந்தனமும் தேனும் அகிலும் கீழ்நாட்டுக்கு இறங்கி வந்தன, அதற்கு வழியும் வாங்குவோரும் இருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும். அன்று அங்கே இருந்தவர்கள்தான் இன்றைய காணிகளின் முன்னோர் என்று இதிலிருந்து நிறுவிவிட முடியாது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆற்றின் தலைமாடும் கால்மாடும் ஒரே பொருளியல் உலகத்துக்குள் இருந்தன என்பது மட்டும் போதும்.

காணிகளைப் பற்றித் திட்டமாகத் தெரிகிற செய்திகளும் இதே திசையில்தான் போகின்றன. பொதிகையின் இரு சரிவுகளிலும், திருவிதாங்கூர்ப் பக்கம் மிகுதியாகவும் திருநெல்வேலிப் பக்கம் குறைவாகவும், அவர்கள் பரந்து வாழ்ந்தார்கள். மூட்டுக்காணி ஊரை நடத்துவார். பிலாத்தி நோயும் சடங்கும் பார்ப்பார். பகைவரிடமிருந்து தப்பி மலையில் ஒளிந்த இளம் மார்த்தாண்ட வர்மாவுக்குக் காணிகள் அடைக்கலம் தந்தார்கள் என்பது இரு தரப்பும் சொல்லிவரும் மரபு. அதையொட்டி ஓணத்தின்போது காணிகள் மலைப் பொருட்களோடு திருவனந்தபுரம் அரண்மனைக்குச் செல்வது நம் காலம் வரை தொடர்கிறது. அவர்களது அன்றாட உணவான மரச்சீனிக் கிழங்கையே எடுத்துக்கொள்ளலாம். அது தென் அமெரிக்கப் பயிர். திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் என்று 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாளைச் சொல்வார்கள். கடல் கடந்து வந்த ஒரு கிழங்கு பொதிகைக் காட்டுக்குள் ஏறி ஒரு மக்களின் அடிப்படை உணவாகிவிட்டது. வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாத கூட்டத்தாரிடம் இது நடக்காது. மலையைத் தாண்டிப் போகவும் வரவும் வழிகள் இருந்தன. அந்த வழிகளில் விதையும் உப்பும் துணியும் செய்தியும் நடந்தன.

முதல் வெட்டு காகிதத்தில் விழுந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தின் கீழ் காடுகள் எல்லை கட்டப்பட்டு ஒதுக்குக் காடுகள் ஆயின. காட்டை வெட்டி எரித்து ஓரிரு ஆண்டு பயிரிட்டு, மண் ஓய்வெடுக்க விட்டு வேறிடம் நகர்வது காணிகளின் வேளாண்மை. அந்த நகர்வு குற்றமாயிற்று. மலைமுகடு மாவட்டத்துக்கும் சமஸ்தானத்துக்கும் எல்லையாக இருந்தது, 1956க்குப் பிறகு இரண்டு மாநிலங்களுக்கு எல்லையாயிற்று. அதன் விளைவு எவ்வளவு தூரம் போனது என்பதற்குப் பட்டியல் பழங்குடியினர் அட்டவணையே சாட்சி. தமிழ்நாட்டில் காணிக்காரர் என்ற பிரிவு முதலில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் மட்டுமே ஏற்கப்பட்டிருந்தது. இரண்டும் திருவிதாங்கூரிலிருந்து வந்த நிலம். பாபநாசம் மலையில் இருந்த அதே மக்கள், பழைய சென்னை மாகாணத்து மண்ணில் நின்ற ஒரே காரணத்தால் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தார்கள். அம்பாசமுத்திரம் வட்டம் அந்த வரியில் பின்னர்தான் சேர்ந்தது. சான்றிதழ் இல்லாமல் பள்ளிச் சலுகையும் வேலை ஒதுக்கீடும் கிடைக்காது. ஆக, ஒரு தலைமுறைக்கு மேல் இழந்த வாய்ப்புகளுக்கு மலையின் உயரத்தைக் காரணமாகச் சொல்ல இடமில்லை.

இரண்டாவது வெட்டு தண்ணீரில் விழுந்தது. 1880களிலேயே ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் ஆற்றின் வீழ்ச்சியை நம்பி நூற்பாலை தொடங்கியிருந்தார்கள். தாமிரபரணியின் விசைக்கு விலை உண்டு என்று அப்போதே தெரிந்துவிட்டது. பைக்காரா, மேட்டூர் ஆகியவற்றுக்குப் பின் சென்னை மாகாண அரசு கையில் எடுத்த நீர்மின் திட்டம் பாபநாசம். 1944இல் மின்சாரம் பிறந்தது. அதற்காக மேலே காரையாற்றில் 143 அடிக்கு நீர் தேக்கும் அணை எழுந்தது. ஐந்தரை டி.எம்.சி. வரை தண்ணீர் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் தேங்கியது. மலைநாட்டில் பள்ளத்தாக்கின் அடிதான் சாலை. ஆற்றோரமாக நடப்பதே ஏற்றம் குறைந்த, நிச்சயமான வழி. அந்த அடிநிலம் முழுக்க நீருக்குள் போனபோது, பாணதீர்த்தத்துக்கு மேலே இருந்தவர்களுக்கு ஆற்றோர நடை முடிந்தது. அதுவரை நடந்தே போய்வந்த ஊருக்கு அதன் பிறகு படகு வேண்டியதாயிற்று. படகு அரசினுடையது, ஓடுவதும் நிற்பதும் அலுவலக முடிவு. 1986இல் சேர்வலாறு அணையும் வந்து, இரண்டு நீர்த்தேக்கங்களும் சுரங்கத்தால் இணைக்கப்பட்டன. தன் வாசல் வழியே போகும் ஆறு கீழே சுழலிகளைச் சுற்றுகிறது. இஞ்சிக்குழிக்குக் கம்பி வழியே மின்சாரம் வரவில்லை.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். அந்த அணை இல்லாமல் தாமிரபரணிச் சமவெளி இல்லை. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள், சுமார் 86,000 ஏக்கர் பாசனம், திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் என எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் தேக்கம் காரையாறு. லட்சக்கணக்கான பேருக்காகச் சில குடும்பங்கள் சற்று சிரமப்பட்டால் என்ன என்று வெளிப்படையாகக் கேட்பவர் குறைவு. மனதுக்குள் பலர் கேட்கிறார்கள். அணையால் விளைந்த நன்மையில் எனக்குக் கொஞ்சமும் ஐயமில்லை. அணைக்கட்டுகளில் பல ஆங்கிலேயருக்கு முந்தியவை, ஆறு அவற்றை நூற்றாண்டுகளாக நிரப்பித்தான் வந்தது என்பதும் உண்மை. ஆனாலும் கோடையில் கைகொடுப்பது மேலே தேக்கிய நீர்தான். நன்மை பெரிதென்றால் கடனும் பெரிது என்றுதான் கணக்கு நேராகிறது. சமவெளியில் நிலம் எடுத்தால் இழப்பீடு உண்டு, சாலை துண்டித்தால் மாற்றுச் சாலை போட வேண்டும் என்ற நியதி உண்டு. பட்டா இல்லாத நிலத்தில், பதிவேட்டில் இல்லாத பாதையை மூழ்கடித்தபோது அந்த நியதி யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. காணிகளின் பாதைக்கு ஆவணம் இல்லாமல் செய்தது 1882ஆம் ஆண்டுச் சட்டம். ஆவணம் இல்லாததைக் காட்டி இழப்பே இல்லை என்று ஆக்கியது 1940களின் திட்டம்.

மூன்றாவது, புலிகளின் பெயரால் வந்தது. 1962இல் முண்டந்துறை சரணாலயம், 1976இல் களக்காடு சரணாலயம், 1988இல் இரண்டும் சேர்ந்த புலிகள் காப்பகம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001இல் அறிவிக்கப்பட்டு 2016இல் யுனெஸ்கோவின் உலக வலைப்பின்னலில் இடம்பெற்றது. பொதிகை உச்சிக்குத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து இஞ்சிக்குழியைத் தொட்டுப் போன யாத்திரை வழி அடைபட்டு, இப்போது கேரளத்தின் போனக்காடு வழியாகத்தான் ஏற வேண்டியிருக்கிறது. காட்டைக் காத்தால்தான் ஆறு ஓடும், அதற்கு மனிதர் வெளியேற வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. இதன் முதல் பாதியில் நானும் உறுதியாக நிற்கிறேன். வெட்டவெளியான பொதிகை கோடையில் ஒரு சொட்டும் தராது. இரண்டாம் பாதிக்குத்தான் சான்று போதவில்லை. இந்தக் காட்டில் பெரும் பரப்பை மாற்றியவை தேயிலைத் தோட்டம், நீர்த்தேக்கம், மின்நிலையம், அவற்றுக்கான சாலைகள். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பம்பாய் பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட காடு மட்டும் 8,000 ஏக்கரைத் தாண்டும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். பல நாள் அங்கேயே தங்குவோரும் உண்டு. அதை நிறுத்தச் சொல்லவில்லை, அது இம்மக்களின் வழிபாடு. ஆனால் அத்தனையையும் ஒழுங்குபடுத்தித் தாங்கிக்கொள்ளும் ஒரு காப்பகத்துக்குச் சில காணிக் குடும்பங்களின் வீட்டு விளக்கு எப்படி ஆபத்தாகும்? காட்டுத் தீ, கண்ணி போன்ற குறைகள் காணிகளிடம் அறவே இல்லை என்று வாதாட மாட்டேன். அதே காணி இளைஞர்கள்தான் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வனத்துறையோடு நடக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்தக் கடனை ஒப்புக்கொண்ட ஆவணம். பழங்குடியினருக்கு நடந்தது வரலாற்று அநீதி என்று அதன் முகவுரையே சொல்கிறது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2007 டிசம்பர் 31. அதற்குச் சில நாட்களுக்கு முன், அதே டிசம்பரில், களக்காடு முண்டந்துறையின் 895 சதுர கிலோமீட்டர் புலிகளின் உய்விடமாக அறிவிக்கப்பட்டது. உரிமை கேட்கும் மக்கள் வருவதற்குள் எல்லை முடிவாகிவிட்டது. அடுத்து 2008இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவது பல ஆண்டுகள் தடைப்பட்டது. இத்தனைக்கும் சட்டம் கைவசம் வைத்திருக்கும் வழிகள் எளியவை. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, மின்கம்பி, குடிநீர், சாலை போன்ற 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு மிகாமல், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராமசபையின் பரிந்துரையோடு வன நிலத்தைப் பயன்படுத்தலாம். காட்டையும் காணியையும் எதிரெதிரே நிறுத்தாமல் எழுதப்பட்ட விதி அது.

இனி எதிர்காலம். இளையவர்கள் படிக்கவும் வேலைக்கும் கீழே வரத்தான் விரும்புகிறார்கள், அவர்களுக்குப் பணம் கொடுத்துச் சமவெளியில் வீடு அமைத்துத் தருவதே இரக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. புலிகள் காப்பகங்களிலிருந்து தாமாக வெளியேறும் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றிருந்த தொகை 2021இல் 15 லட்சமாக உயர்ந்தது. போக விரும்புவோர் போகலாம். அதைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால், இருப்பதும் ஒரு வழியாக இருந்தாக வேண்டும். படகு நின்று, பாதை மூடி, மிளகையும் தேனையும் சந்தைக்குக் கொண்டுவர வழியில்லாமல் செய்துவிட்டு வாங்கும் கையெழுத்தை விருப்பம் என்று ஏற்க என்னால் முடியவில்லை. பம்பாய் பர்மா குத்தகைக் காட்டில் இருந்த மாஞ்சோலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் நான்கு தலைமுறை தேயிலை பறித்துவிட்டு, 2024இல் தோட்டம் மூடப்படும்போது இதே வகைத் தேர்வைத்தான் எதிர்கொண்டார்கள்.

முகட்டுக்கு அந்தப் பக்கம் வேறொரு முயற்சி நடந்திருக்கிறது. 1987இல் மலையேறிய அறிவியலாளர்களுக்குக் காணி வழிகாட்டிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று ஒப்புக்கொண்டு, 1997இல் கேரளக் காணிகளுக்கு ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. உலகெங்கும் இது முன்மாதிரியாகப் பேசப்பட்டது. பிறகு செடியைக் காட்டுக்குள் வளர்க்கவும் எடுக்கவும் வனத்துறையோடு இழுபறி, எந்தக் காணிக் குடியிருப்புக்குப் பங்கு என்ற மனத்தாங்கல் என்று முயற்சி தளர்ந்தது. அதன் குறைகளிலிருந்தே ஒன்று தெரிகிறது: அறிவுக்குப் பங்கு தந்தால் மட்டும் போதாது, நிலத்தின் மீதும் வழியின் மீதும் உரிமை வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக் காணிகளின் தேனுக்கும் நல்லமிளகுக்கும் கிழங்குக்கும் கீழே வாங்க ஆள் இருக்கிறார்கள். பாபநாசமும் விக்கிரமசிங்கபுரமும் அம்பாசமுத்திரமும் எட்டும் தூரம்தான். இடையில் நிற்பது அணை நீர். அதைத் தேக்கி மின்சாரம் எடுப்பவர்களும் பாசனம் பெறுபவர்களும், அணையின் பராமரிப்புக் கணக்கிலேயே ஒரு படகையும் படகோட்டியையும் சேர்த்து, ஆண்டு முழுதும் நாள் தவறாமல் ஓடச் செய்யலாம். மூழ்கிய பாதைக்கு ஈடாக நீருக்கு மேலே ஒரு நடைபாதையைக் காணிகளின் கிராமசபை கேட்டால், அதைத் தர 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.