2010இல் இலங்கையை அளந்த மூன்று அளவுகோல்கள்

2010ஆம் ஆண்டில் இலங்கை மூன்று வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கப்பட்டது. உலகப் பொருளாதார மன்றத்தின் போட்டித்திறன் அறிக்கையில் 139 நாடுகளுள் 62ஆம் இடம். இது முந்தைய ஆண்டைவிட 17 இடங்கள் முன்னேற்றம். அதே மன்றத்தின் பால்நிலை இடைவெளி அறிக்கையில் 134 நாடுகளுள் 16ஆம் இடம். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரிவர நடைமுறைப்படுத்தவில்லை எனக் கூறி, ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு வழங்கிவந்த ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை இடைநிறுத்தியது. போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. மூன்றும் ஒரே நாட்டைப் பற்றியவைதாமா என்ற ஐயம் எழுவது இயல்பு.

இவற்றுள் பால்நிலை இடைவெளிச் சுட்டெண்ணே அதிகம் பேசப்பட்டது. 2006இல் இது முதன்முதலாக வெளிவந்தபோது 115 நாடுகளுள் இலங்கைக்கு 13ஆம் இடம். இந்தியாவுக்கு 98ஆம் இடம். இச்சுட்டெண் பெண்களின் வாழ்க்கைத் தரத்தை அளப்பதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான இடைவெளியை மட்டுமே அளக்கிறது. பொருளாதாரப் பங்கேற்பு, கல்வி, உடல்நலம், அரசியல் அதிகாரம் என்பன அதன் நான்கு பிரிவுகள். இரு பாலாரும் சமமாக வறுமையில் இருந்தாலும் அங்கே இடைவெளி இல்லை என்றே கணக்காகும்.

கல்வியிலும் உடல்நலத்திலும் இலங்கை பெற்ற புள்ளிகள் நேர்மையாக ஈட்டியவை. 1931இல் டொனமூர் யாப்பின் கீழ் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1940களில் இலவசக் கல்வி வந்தது. அரசு மருத்துவமனைகளும் கிராமப்புற மகப்பேற்றுச் சேவையும் பெண்களின் ஆயுளை உயர்த்தின.

ஆனால் இலங்கையை மேலே தூக்கியது அரசியல் பிரிவு. பாராளுமன்றத்தில் பெண்களின் பங்கு, அமைச்சர் பதவிகளில் பெண்களின் பங்கு ஆகியவற்றோடு, கடந்த 50 ஆண்டுகளில் ஒரு பெண் நாட்டின் அல்லது அரசின் தலைவராக இருந்த காலமும் அங்கே கணக்கில் சேர்கிறது. 1960இல் உலகின் முதலாவது பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கா 1965 வரையும், பின்னர் 1970 முதல் 1977 வரையும் ஆட்சி செய்தார். அவருடைய மகள் சந்திரிகா குமாரதுங்க 1994 முதல் 2005 வரை முதலில் பிரதமராகவும் பின்னர் சனாதிபதியாகவும் இருந்தார். கூட்டிப் பார்த்தால் 50 ஆண்டுகளில் ஏறத்தாழ 23 ஆண்டுகள். ஒரே குடும்பத்தின் தாயும் மகளும் ஈட்டிய இந்தக் கணக்கு, நாட்டின் எல்லாப் பெண்களின் பெயரிலும் வரவு வைக்கப்பட்டது. அதே வேளையில் 225 உறுப்பினர்களைக் கொண்ட பாராளுமன்றத்தில் பெண்கள் 6 சதவீதத்தைக்கூட எட்டியிருக்கவில்லை.

சுட்டெண் நாட்டை ஒரே எண்ணாகச் சுருக்குவதால், உள்ளே இருக்கும் வேறுபாடுகள் மறைகின்றன. மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களின் முன்னோர் பலரது குடியுரிமை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிபோனது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. போரில் கணவரை இழந்து, வடக்கிலும் கிழக்கிலும் குடும்பங்களைத் தனியே சுமந்த பெண்களுக்கும் இந்த நான்கு பிரிவுகளில் தனி இடம் இல்லை.

போட்டித்திறன் அறிக்கையின் நோக்கமே வேறு. நிறுவன நிர்வாகிகளிடம் பெற்ற கருத்துகளும் பொருளாதாரப் புள்ளிவிவரங்களும் சேர்ந்ததே அது. நூற்றுக்கு மேற்பட்ட குறிகாட்டிகளுள் பெண்களின் தொழிற்படை விகிதமும் ஒன்று, அவ்வளவுதான். போர் ஓய்ந்ததும் முதலீட்டாளரின் நம்பிக்கை உயர்வது இயற்கை.

மனித உரிமையைத் தரவரிசைப்படுத்த ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் ஒருமுறை முயன்றது. 1991ஆம் ஆண்டு மானிட வளர்ச்சி அறிக்கையில் 40 அளவைகளைக் கொண்டு 88 நாடுகளுக்குச் சுதந்திரச் சுட்டெண் வெளியிடப்பட்டது. வளரும் நாடுகள் கடுமையாக எதிர்த்ததால் அது தொடரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் வழி அத்தகைய தரவரிசை அல்ல. சலுகை பெறும் நாடு 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும். இலங்கை விடயத்தில் குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள், சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை, சிறுவர் உரிமைகள் ஆகிய மூன்றிலும் குறை காணப்பட்டது. முடிவு, ஆம் அல்லது இல்லை என்பதே.

அந்த "இல்லை" யார் தலையில் விழுந்தது என்பதில்தான் மூன்று அளவுகோல்களும் சந்திக்கின்றன. வரிச்சலுகையால் அதிகம் பயன்பெற்றது ஆடை ஏற்றுமதி. கட்டுநாயக்க, பியகம போன்ற சுதந்திர வர்த்தக வலயங்களின் தையல் இயந்திரங்களுக்கு முன் அமர்ந்திருந்தவர்களில் பெரும்பான்மையினர் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். அரசின் உரிமை மீறல்களுக்காக விதிக்கப்பட்ட தண்டனையின் சுமை, அந்த மீறல்களில் எந்தப் பங்கும் இல்லாத இவர்கள் மீதும் ஏறியது. அதற்காக உடன்படிக்கை நிபந்தனையே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கு வெளியிலிருந்து கிடைத்த அழுத்தங்களுள் அதுவும் ஒன்று.

சலுகை 2017 மே மாதம் மீண்டும் கிடைத்தது. பால்நிலை இடைவெளிச் சுட்டெண்ணில் இலங்கை 2021இல் 156 நாடுகளுள் 116ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது. சிறிமாவோவின் முதல் ஆட்சிக்காலம் அதற்குள் 50 ஆண்டு எல்லையைக் கடந்து கணக்கிலிருந்து வெளியேறியிருந்தது. 2020 தேர்தலுக்குப் பின் பாராளுமன்றத்தில் இடம்பெற்ற பெண்கள் 12 பேர்.