பின்னலாடை நகரில் உரிமைக் குரல்

திருப்பூர் என்றதும் 1932 ஜனவரியில் கொடியை நழுவவிடாமல் தடியடிபட்டு உயிர்நீத்த குமரனை நாம் நினைவுகூர்கிறோம். அடுத்தபடியாக நினைவுக்கு வருவது பனியன். இவ்விரண்டுக்கும் இடையே, அதிகம் பேசப்படாத மற்றொரு வரலாறும் அந்நகருக்கு உண்டு. உழைப்பவரின் உரிமைக்காக எளிய மனிதர்களும் சிறு அமைப்புகளும் ஆற்றிய பணியின் வரலாறு அது.

1984-ஆம் ஆண்டில் பஞ்சப்படி கோரிப் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டம் தொழிற்சங்க வரலாற்றில் அழியா இடம் பெற்றது. ஆயினும் சங்கத்தில் உறுப்பினராக முடியாத ஒருவர் ஒவ்வொரு தையல் இயந்திரத்தின் அருகிலும் நின்றிருந்தார். ‘கைமடி’ என்று அழைக்கப்பட்ட அந்தச் சிறுவனோ சிறுமியோ, தைத்த துணியை மடித்தும் பிரித்தும் தையற்காரருக்கு உதவுவதே வேலை. எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறையில், பிஞ்சுக் கைகளின் வேகம் பெரியவரின் வருவாயோடு பிணைந்திருந்தது. ஏற்றுமதி பெருகப் பெருக, ‘ஒன்றரை ஷிப்டு’ என்னும் பன்னிரண்டு மணி நேர உழைப்பு அந்நகரில் இயல்பான வழக்காயிற்று.

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி அச்சிடுதல், சாயமிடுதல், நெசவு ஆகிய பணிகளில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை அமர்த்தத் தடை விதித்தது. எனினும் குடும்பத்தினரின் துணையோடு நடைபெறும் பட்டறைகளுக்கு விலக்கும் அளித்தது. சிறு பட்டறைகள் மலிந்த ஊரில் அவ்விலக்கு எத்துணை அகன்ற வாயில் என்பதை எளிதில் உணரலாம்.

இச்சூழலில்தான் 1993-இல் ‘சேவ்’ என்னும் தன்னார்வ நிறுவனம் திருப்பூரில் தோன்றியது. அலோசியஸ், வியாகுல மேரி ஆகியோர் அதனை வழிநடத்தியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். வேலைக்குச் சென்ற குழந்தைகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்புவதும், தொழிலாளர்க்கு அவர்தம் உரிமைகளை எடுத்துரைப்பதும் அதன் பணிகளாயின. இத்தகைய பணியில் ஈடுபடுவோர் முதலில் சந்திக்க வேண்டியது முதலாளியை அன்று, தாயைத்தான். ‘பிள்ளை கொண்டுவந்த கூலியை இனி யார் கொண்டுவருவார்?’ என்ற அவளது வினாவுக்கு அறிவுரை விடையாகாது. 1996 டிசம்பர் 10-ஆம் நாள் சிவகாசிக் குழந்தைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வினாவின் நியாயத்தை ஏற்றது. ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும். அரசு அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

சிறுவர்மீது உலகின் பார்வை திரும்பியபோதே, சுரண்டல் மற்றொரு வடிவிலும் வளர்ந்துகொண்டிருந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகள் தென் மாவட்டங்களிலிருந்தும் பிற ஏழைக் கிராமங்களிலிருந்தும் இளம்பெண்களை வரவழைத்து விடுதிகளில் தங்கவைத்தன. மூன்றாண்டு உழைத்தால் இறுதியில் திருமணத்திற்கென ஒரு தொகை. இடையில் விலகினால் அத்தொகை பெரும்பாலும் கைக்கு எட்டாது. இதற்கு ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்கலப் பெயரும் சூட்டப்பட்டது. இருபத்து நான்கு மாதங்களில் 480 நாட்கள் பணியாற்றியவர் நிரந்தரத் தொழிலாளி என்கிறது தமிழகத்தின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். ‘பயிற்சியாளர்’ என்ற பெயரோ அவ்வுரிமையை மறைக்கும் திரையாயிற்று.

உரிமை அமைப்புகள் இப்பெண்களின் வாக்குமூலங்களைத் திரட்டின. நெதர்லாந்தின் சோமோ நிறுவனமும் அந்நாட்டின் இந்தியக் குழுவும் 2011 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை இத்திட்டத்தை ஐரோப்பாவின் ஆடை வணிகர்கள் முன் கொண்டு நிறுத்தியது. எனினும் சட்ட அடிப்படை அதற்கு வெகுமுன்னரே நம் நாட்டில் இடப்பட்டிருந்தது. தில்லியின் மக்கள் ஜனநாயக உரிமை அமைப்பு, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்களுக்காகத் தொடுத்த வழக்கில் 1982-இல் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரை உழைக்கச் செய்வது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி அதில் விளக்கினார். வறுமையின் நெருக்குதலும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இங்கு நம் மனச்சான்றையும் சற்றே வினவுதல் தகும். வரதட்சணையை 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்தது. ஆயினும் அதே வரதட்சணையின் அச்சமன்றோ அப்பெண்களை ஆலை வாயிலுக்கு அழைத்து வந்தது? கூலியைப் பிடித்து வைத்தவர் ஆலைக்காரர். அக்கூலிக்குத் திருமணம் என்று பெயரிட இடமளித்தது நம் சமுதாயம். பெண் கேட்டுச் செல்லும்போது எத்தனை பவுன் என்று வினவும் ஒவ்வொரு வீடும் அந்த மூன்றாண்டு ஒப்பந்தத்தில் மறைமுகமாகக் கையொப்பமிடுகிறது.

ஆகவே உரிமை அமைப்புகளின் பணி நீதிமன்றத்தோடும் ஆலையோடும் முடிந்துவிடுவதில்லை. உழைத்த பெண்ணின் கூலி மாதந்தோறும் அவள் கையிலேயே சேரவேண்டும் என்று அவை கேட்கின்றன. அக்கூலிக்கு விலை பேசாத வீடுகளை உருவாக்கும் கடமை நம்முடையது.