மதுரையின் யாமங்கள்

மதுரைக்குத் ‘தூங்கா நகரம்’ என்னும் பெயர் எப்பொழுது வந்தது என்று கேட்டால், விடை சொல்பவர் பெரும்பாலும் மதுரைக்காஞ்சியையே காட்டுவர். பத்துப்பாட்டுள் மிக நீண்டதாகிய அப்பாட்டு, 782 அடிகளில், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் நாட்டையும் தலைநகரையும் பாடுகிறது. பகல் தொடங்கி மறுநாள் விடியல் வரை நகரத்துத் தெருக்களைச் சுற்றிக் காட்டுகிறது. அதில் வரும் நாளங்காடி, அல்லங்காடி என்னும் இரு சொற்களைப் பற்றிக்கொண்டு, இரண்டாயிரம் ஆண்டுகளாக மதுரை கண்ணயர்ந்ததே இல்லை என்று மேடைகளில் முழங்குவது வழக்கமாகிவிட்டது.

பாட்டை நிதானமாகப் படிப்பவர்க்கு வேறொன்று புலப்படும். மாங்குடி மருதனார் கண்ட மதுரை உறங்கும் மதுரை. அல்லங்காடியின் ஆரவாரம் கூடு திரும்பும் பறவைகளின் ஒலியைப் போன்றது என்கிறார் அவர். பறவை கூடு திரும்பும் வேளை மாலை, நள்ளிரவன்று. முதல் யாமத்தில் விளக்குகள் எரிகின்றன. விழாக் கொண்டாட்டம் நிகழ்கிறது. இரண்டாம் யாமத்தில் சங்கொலி அடங்குகிறது, வணிகர் கடையடைக்கின்றனர், அடையும் மோதகமும் விற்றவர்கள் தங்கள் பண்டங்களின் அருகிலேயே இருந்து தூங்கி விழுகின்றனர், கூத்தரும் ஓய்கின்றனர். மூன்றாம் யாமத்தில் விழித்திருப்போர் இரு திறத்தார் மட்டுமே. இடையில் நூலேணியைச் சுற்றிக்கொண்டு இருளில் பதுங்கும் கள்வர் ஒரு திறம். மழை பெய்தாலும் தளராது அவரைத் தேடித் திரியும் ஊர்க்காவலர் மறு திறம். மற்றபடி நகரம் உறங்குகிறது. உறங்கியதனால்தான் விடியற்காலை வருணனைக்கு அப்பாட்டில் அத்தனை அழகு வாய்த்தது.

ஆகவே, நள்ளிரவு கடந்தும் தெருவில் அடுப்பெரிந்த மதுரை சங்ககாலத்துச் சொத்தன்று. அது நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் உண்டானது. உண்டாக்கியவர்கள் யார் என்பதையும் ஓரளவு சொல்லிவிட முடியும்.

நாயக்கர் காலத்து மதுரை கோட்டைக்குள் அடங்கிய ஊர். கோட்டை என்றால் வாயில் உண்டு. வாயில் என்றால் இரவில் அடைக்கக் கதவு உண்டு. மதிலும் அகழியும் சூழ்ந்த ஊரில் மக்கள் பெருகப் பெருகக் காற்றுக்கும் வழியில்லாமற் போயிற்று. கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் 1830களின் இறுதியில் தொடங்கி மதிலை இடிப்பித்தார். இடித்து அகழியைத் தூர்ப்பவர்க்கு அந்நிலம் உரியதாகும் என்ற ஏற்பாட்டில் வேலை விரைந்தது. மதிலுக்கு வெளியே விரிந்தவை வெளி வீதிகள். அப்பணியில் உழைத்த நில அளவையாளர் மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் இரு வீதிகளுக்கு வழங்குகின்றன. ஒரு மேஸ்திரியின் பெயர் மன்னர் பெயர்களுக்கு நடுவே நிலைத்திருப்பது மதுரைக்குப் பெருமையே. பிளாக்பர்னின் நினைவாக ஊரார் எழுப்பியது சிலையன்று, ஒரு விளக்குக் கம்பம். அதுவே விளக்குத்தூண். பெயர்க் காரணம் மறந்து போயிற்று. ஆனால் அந்த இடத்தில் இரவு வெகுநேரம் கூட்டம் குறைந்ததில்லை. மதிலை வீழ்த்தியவருக்கு விளக்கை நட்ட ஊர், தன் வருங்காலத்தை அறிந்தே அதைச் செய்தது போலும்.

1875இல் புகைவண்டி வந்தது. 1892இல், நிலையத்துக்கு அருகிலேயே, ஹார்வி சகோதரர்களின் மதுரா ஆலை ஓடத் தொடங்கிற்று. ஊரார் அதனை ‘ஹார்வி மில்’ என்றே அழைத்தனர். கோயில் மணியால் பொழுதறிந்த ஊர் அதன்பின் ஆலைச் சங்கால் பொழுதறிந்தது. இரவு முறை முடிந்து வெளியே வருபவனுக்கும், விடியல் முறைக்கு உள்ளே போகிறவனுக்கும் பசிக்குமல்லவா? அப்பசிக்குத்தான் தெருவோரத்தில் இட்லிக் கொப்பரை ஏறிற்று. தூங்கா நகரத்தின் தோற்றத்தை வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை.

அந்தக் கடைகளைக் கடை என்பதுகூடச் சற்று மிகை. ஒரு வீட்டுத் திண்ணை, அல்லது சாத்தப்பட்ட ஜவுளிக் கடையின் படிக்கட்டு. மண்ணெண்ணெய் அடுப்பு அல்லது விறகடுப்பு. ஒரு காடா விளக்கு, வசதியிருந்தால் பெட்ரோமாக்ஸ். ஈரத்துணி விரித்த தட்டிலிருந்து ஆவி பறக்க இட்லியை எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்து, தேங்காய், தக்காளி, மல்லி என்று சட்னிகளை ஊற்றுவதற்குள் அடுத்தவர் கை நீட்டுவார். விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். கணவனை இழந்தவர்களும், ஆலையில் ஆட்குறைப்பான குடும்பத்தவரும் அவர்களுள் இருந்தனர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இரவு ஏழு மணிக்குமேல் பெண்களை ஆலைக்குள் வேலை செய்ய விடவில்லை. அதே இரவில், அதே ஆலைத் தொழிலாளிக்குச் சோறிடும் பெண் விடியும்வரை தெருவில் அடுப்பூதியதைப் பற்றி எந்தச் சட்டமும் கவலைப்படவில்லை.

மாலை மயங்கும் வேளையில் பருத்திப்பால் வண்டி வரும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சியது அது. பஞ்சாலை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பானம் அமையாது. கோடையில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா: பால், பாதாம் பிசின், நன்னாரிச் சர்பத், பாலாடை; பெயரும் பக்குவமும் இசுலாமியர் தந்தவை. மகாலைச் சுற்றிய தெருக்களில் சௌராட்டிரப் பெண்கள் விளக்கடியில் அமர்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சிட்டுக்கொண்டிருப்பர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பேச்சு ஓடும், கை ஓயாது. கொத்துப் பரோட்டாக் கல்லின் தாளம் சற்றே பிந்திய வரவு. அதுதான் மதுரையின் இசை என்று இன்று சொல்கின்றனர். சோமசுந்தரரின் ஊரில், மதுரை மணி ஐயரும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் பிறந்த ஊரில், இதை ஒப்புவதற்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது.

ஆலைத் தொழிலாளியின் கையில் காசும் ஓய்வு வேளையும் சேர்ந்தபோது திரையரங்குகள் பெருகின. 1937இல் ‘சிந்தாமணி’ படத்தில் வந்த இலாபத்தைக்கொண்டு அதே பெயரில் மதுரையில் ஓர் அரங்கு எழுந்தது. 1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் அரங்கு ‘பராசக்தி’யுடன் திறந்தது. 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று பெயர். புகைவண்டி நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றக் கட்டடத்தில், வாசகசாலையின் அண்டையிலேயே, ரீகலில் ஆங்கிலப் படம் ஓடிற்று. இரண்டாம் ஆட்டம் முடிகையில் மணி ஒன்றை நெருங்கும். தங்கத்திலிருந்து மட்டும் ஒரே நேரத்தில் ஈராயிரம் பேர் வெளியே வந்தால் தெரு எப்படி உறங்கும்? ரிக்‌ஷாக்காரர் மணியடிப்பார், தேநீர்க் கடைப் பாய்லர் சீறும், படத்தின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே தெற்குவாசல் வரை நடந்து போகும் இளைஞர் கூட்டம். பேருந்து நிலையமும் புகைவண்டி நிலையமும் நடந்து போகும் தொலைவில் அடுத்தடுத்து இருந்தன. தென்மாவட்டங்களுக்குப் போகும் பேருந்தை விட்டவர்கள் விடியும்வரை அங்கேயே காத்திருந்தனர். அவர்களுக்கும் மதுரையில் ஓர் இரவு வாழ்க்கை இருந்தது: ஒரு பாய், ஒரு செய்தித்தாள், இரண்டு தேநீர்.

நாடகமும் இரவினுடையதே. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவியது இவ்வூரில்தான். அவர் மரபில் வந்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடந்தன. நடிகரை அமர்த்த வருவோரும், நாடகம் முடிந்து திரும்பும் ஆர்மோனியக்காரரும் மதுரைத் தெருக்களில் அகாலத்தில் காணக்கூடியவர்கள்.

இவை நாள்தோறும் நிகழ்ந்தவை. ஆண்டுக்கொருமுறை சித்திரையில் ஊர் முழுவதும் ஒன்றாக விழித்திருக்கும். மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தார் என்பர். வீதியின் பெயர் மட்டும் மாசியாகவே நின்றுவிட்டது. அழகர் மலையிலிருந்து இறங்கி, வழிநெடுக மண்டகப்படிகளில் தங்கித் தங்கி, எதிர்சேவைக்குத் தல்லாகுளம் வந்து சேர்வார். சர்க்கரை நிறைத்த செம்பில் சூடமேற்றி நிற்கும் மக்கள்; திரியெடுத்து ஆடுவோர்; தோற்பையில் நீர் நிறைத்துப் பீய்ச்சுவோர். சூடிக்கொடுத்தாளின் மாலையை அணிந்து அவர் விடியலில் வையையில் இறங்கும்போது, இரவெல்லாம் ஆற்றுமணலிற் படுத்துக் கிடந்த பல மாவட்டத்து மக்கள் ஒருசேர எழுவர். மறுநாள் இரவு இராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் விடிய விடிய நடக்கும். கோயிலுக்குள் மீனாட்சியோ நாள்தவறாமல் பள்ளியறைக்குச் செல்கிறாள். இரவுதோறும் சொக்கர் திருவடி பல்லக்கில் அம்மன் சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்ததும் கோயிற் கதவு அடைபடும். ஊரில் முறையாக உறங்குவோர் அவ்விருவரே எனலாம்.

இத்தனை நினைவுகளுக்கும் இடையே ஒன்றை ஒளித்துவிட்டுப் போவது வரலாறாகாது. மதுரை மாவட்டத்திலேயே, இரவு மறுக்கப்பட்ட மக்கள் இருந்தனர். குற்றப் பரம்பரைச் சட்டம் 1914இல் கீழக்குடியில் தொடங்கி, சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் அனைவர்மீதும் பாய்ந்தது. மக்கள் வழக்கில் அது ‘ரேகைச் சட்டம்’. பதிவு செய்யப்பட்ட ஆண்கள் இரவானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். புது மணமகனுக்கும் விலக்கில்லை. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்து நின்ற மக்கள்மீது காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் மடிந்தனர். சட்டம் நீங்கியது 1947இல். நகரத்துத் திரையரங்குகளில் முதற்பேசும் படங்களைக் கண்டு ஊரார் களித்த அதே இரவுகளில், சில கல் தொலைவில், தன் வீட்டுத் திண்ணையில் விழித்திருக்கவும் ஒருவனுக்கு உரிமையில்லை. ஊர்க்காவல் பூண்ட மக்களின் வழிவந்தோர் அவர்கள் என்பதை எண்ணினால், மருதனாரின் மூன்றாம் யாமம் நெஞ்சில் உறுத்தாமலிராது.

நகரின் நடுவிலிருந்த இரவு பின்னர் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் பெயர்ந்தது. வடக்கு ஆவணி மூல வீதியில் மையக் காய்கறிச் சந்தை இருந்தவரை, பின்னிரவில் லாரிகள் வந்து நிற்கும். சுமைதூக்குவோர் தலையில் சும்மாட்டுடன் ஓடுவர். மூட்டைக்குள்ளிருந்து சிதறிய வெங்காயத்தைச் சிறுவர் பொறுக்குவர். அச்சந்தை 2010இல் மாட்டுத்தாவணிக்குப் போயிற்று. அதற்கு முன்னரே, 1999இல், வெளியூர்ப் பேருந்துகளுக்கான பெருநிலையம் அங்கே திறந்திருந்தது. மல்லிகையும் இன்று அங்கேதான் விடியலில் வந்து இறங்குகிறது. சிந்தாமணி இல்லை, தங்கமும் இல்லை, அவ்விடத்தில் ஜவுளிக் கடை நிற்கிறது. ஹார்வி ஆலையின் சங்குக்கு ஊர் எழுந்து உறங்கிய காலமும் முடிந்தது. மாசி வீதிகளில் இப்பொழுது பதினொரு மணிக்குக் கதவுகள் இறங்கிவிடுகின்றன.

கடைகள் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாட்டரசு 2019இல் ஆணையிட்டபோது, மதுரைக்கு அதன் பழைய பெயர் சட்டப்படி கிடைத்துவிட்டது என மகிழ்ந்தவர் உண்டு. ஆணையை வாசித்தால், அது பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளுக்கு உரியது என்பது விளங்கும். தூங்கா நகரத்தைத் தூங்காமல் வைத்திருந்த கடையில் வேலை செய்தவர்கள் இரண்டு பேர்: ஒரு தாய், ஒரு மகள்.

அவர்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ரோந்து வண்டியின் ஒலி கேட்டதும் விளக்கைத் தணித்து, கொப்பரையை மூடி, வண்டி தெருமுனையைத் தாண்டும்வரை சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடைவேளையில், பண்டத்துக்கு அருகிலேயே, சற்றுக் கண்ணயர்வதும் உண்டு.