பட்டியலுக்கு முந்திய பட்டியல்

தேசிய அணி அறிவிக்கப்படும் நாளில் நாடெங்கும் ஒரு நீதிமன்றம் கூடிவிடுகிறது. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் ஆசிரியர் ஓய்வறையிலும் வழக்கு நடக்கிறது. இவரை ஏன் எடுத்தார்கள், அவரை ஏன் விட்டார்கள், உயரம் வேண்டுமா, வேகம் வேண்டுமா, அனுபவமா, இளமையா என்று வாதங்கள் எழுகின்றன. கூடைப்பந்தாட்டத்தில் இவ்வாதம் மேலும் கூர்மை அடைகிறது. களத்தில் நிற்போர் ஐவர். பெரும் போட்டிகளுக்குச் செல்லும் அணியில் இடம்பெறுவோர் பன்னிருவர். பதின்மூன்றாமவர் வீட்டுக்குத் திரும்புகிறார். அந்தப் பதின்மூன்றாமவருக்காக வழக்காடுவது நியாயமே. ஆயினும், அவ்வழக்கில் ஒருபோதும் பெயர் சொல்லி அழைக்கப்படாத மக்கள் உளர். களத்தின் ஓரத்துக்குக்கூட வந்து சேராதவர்கள் அவர்கள். அவர்களைத் தள்ளியவர் யார், எப்போது, எந்த ஆணையால் என்று கேட்கவே நாம் இங்கு முற்படுகிறோம்.

கூடைப்பந்தாட்டம் பிறந்த கதை எளியது. 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர் உள்ளரங்கில் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தைத் தேடினார். பீச் பழக்கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அவ்வளவே மூலதனம். அதே சங்கம் 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்பாரைக் கொண்டு உடற்கல்விக் கல்லூரியொன்றைத் தொடங்கியது. விலையுயர்ந்த மட்டையும் மைல் பரப்பான புல்வெளியும் வேண்டாத ஆட்டம் ஏழைப் பிள்ளைக்கு எட்டும் ஆட்டமாகவே தோன்றும். ஆனால் ஆட்டம் தேசத்தின் பெயரைச் சூடிக்கொண்டதும் நிலைமை மாறிற்று.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்தாட்டம் முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. அமெரிக்கா 14 பேரை அனுப்பியது. யுனிவேர்சல் பிக்சர்ஸ் என்ற திரைப்பட நிறுவனத்தின் அணியிலிருந்து எழுவர், கன்சாஸ் மாநிலத்து மக்பெர்சன் நகரின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அணியிலிருந்து அறுவர், பல்கலைக்கழக வீரர் ஒருவர். யூத இளைஞர்களைக் கொண்டிருந்த லோங் ஐலண்ட் பல்கலைக்கழக அணி, ஹிட்லரின் நாட்டில் நடக்கும் விழாவுக்கான தெரிவுப் போட்டியே வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டது. சென்றவர்களுள் யூதர் ஒருவரே. அவர் சாம் பால்டர். கறுப்பினத்தவர் ஒருவரும் இலர். வென்ற அணிகளிலிருந்து வீரரை எடுப்பது என்பது பார்வைக்கு நேர்மையான விதி. அவ்வணிகளின் வாயிலில் நிறம் பார்க்கப்பட்டிருந்தால், தெரிவுக்குழு தன் கையை அழுக்காக்கவே வேண்டியதில்லை. அதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது.

இந்தக் கதவு 1948இல் சிறிது திறந்தது. இலண்டன் ஒலிம்பிக்குக்கான அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட அணியில் டொன் பார்க்ஸ்டேல் என்ற கறுப்பின வீரர் இடம்பெற்றார். அந்நாட்டின் ஒலிம்பிக் கூடைப்பந்தாட்ட அணியில் அவரினத்தவருள் அவரே முதல்வர். பயணத்துக்கு முன் கென்டக்கி மாநிலத்தில் அணி ஆடியபோது, மற்றவர் தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை. நாட்டுக்காக ஆட இடமுண்டு, நாட்டில் உறங்க இடமில்லை என்ற அந்த முரண்பாட்டோடுதான் அவர் கப்பலேறினார். ஆகஸ்ட் 13இல் அவரது அணி பிரான்சை வென்று தங்கம் பெற்றது.

அதே 1948ஆம் ஆண்டை இலங்கையின் பக்கம் திருப்பிப் பார்ப்போம். பெப்ரவரி 4இல் சுதந்திரம். மார்ச் மாத இறுதியில், இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பில் இறங்கிய பிராட்மனின் அவுஸ்திரேலிய அணியை இலங்கை எதிர்கொண்டது. இலங்கையின் தலைவராக நின்றவர் மகாதேவ சதாசிவம் என்ற தமிழர். ஜூலை 31இல், கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்ற டங்கன் வைட், இலண்டனில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் வென்றார்; அதுவே இலங்கை பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம். சிங்களவர், தமிழர், பறங்கியர், முஸ்லிம்கள் யாவரும் ஒரு கொடியின் கீழ் ஒரே அணியாய் நிற்பர் என்ற நம்பிக்கைக்கு இவற்றைவிடச் சிறந்த சான்று எது வேண்டும்?

ஆனால் பார்க்ஸ்டேலின் அணி தங்கம் பெற்று ஒரு வாரம் கழிந்த ஆகஸ்ட் 20இல், இலங்கைப் பாராளுமன்றம் பிரஜாவுரிமைச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. நவம்பர் 15இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்தவனாயினும், தன் தந்தையும் இங்கே பிறந்தவரென்றோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவரென்றோ அவன் நாட்ட வேண்டும். தோட்டத்து லயன்களிற் பிறந்து, பத்திரமின்றி வாழ்ந்து, பத்திரமின்றியே புதைக்கப்பட்ட மக்கள் எந்தச் சான்றை எடுத்து நீட்டுவர்? மலையகத் தமிழர் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தும் பயனில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்கையும் இழந்தனர்.

இதை அரசியல் வரலாறு என்று மட்டும் படித்து முடித்துவிடுகிறோம். விளையாட்டு வரலாறாகவும் இதைப் படிக்க வேண்டும் என்பதே நமது கருத்து. ஒலிம்பிக் விதிப்படி, ஒரு நாட்டுக்காக ஆடுபவர் அந்நாட்டின் பிரஜையாக இருத்தல் வேண்டும். கடவுச்சீட்டு இல்லாதவர் பந்தை எத்தனை முறை கூடைக்குள் இட்டாலென்ன? ஆகவே சுதந்திர இலங்கையின் முதல் தெரிவுக்குழு எந்த விளையாட்டுச் சங்கத்திலும் கூடவில்லை, பாராளுமன்றத்திலே கூடியது. அது அறிவித்த பட்டியலில் விடுபட்டவர் பதின்மூன்றாமவர் ஒருவரல்லர். ஒரு மக்கட் கூட்டமே விடுபட்டது.

பல்லேபொலவிலிருந்து எழுதும் நமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. மாத்தளை, மலையகத்தின் பழைய வாசல்களுள் ஒன்று. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வருமுன்னரே இந்த மலைகளைத் திருத்தியவை அக்கால்கள். நூறு மைலுக்கு மேல் நடந்து வந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு உடல்வலிமை போதாது என்று எந்தப் பயிற்சியாளர் சொல்லத் துணிவார்?

1950இல் தோட்டமொன்றிற் பிறந்த பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் படிப்பு. மட்டமான நிலமெல்லாம் பயிருக்கு அல்லது பிரட்டுக்களத்துக்கு. பிள்ளைக்கு 14 வயதானபோது, 1964 அக்டோபர் 30இல், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் குறித்துப் பின்னர் பேசலாம் என்று முடிவாயிற்று. 1974இல் அந்த எச்சமும் சரிபாதியாக்கப்பட்டது. இரு நாட்டுத் தலைவர்கள் மேசையில் அமர்ந்து ஆட்களைப் பங்கிட்ட இத்தெரிவில், தெரிவு செய்யப்பட்டவரிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை. எஞ்சிய நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. அப்போது நமது பிள்ளைக்கு வயது 53. எந்த அணிக்கு அவனை எடுப்பது?

சட்டம் வாசலைத் திறந்தபின்னும் பள்ளிக்கூடம் என்ற இரண்டாம் வாசல் இருக்கிறது. முத்தையா முரளிதரன் இதற்கு இருபக்கமும் சான்றாவார். தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் வழித்தோன்றலான அவர், 1972இல் கண்டியிற் பிறந்து, 1992இல் தேசிய அணிக்கு வந்து, 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார். மலையகத்தில் திறமை இல்லை என்போருக்கு அந்த எண் ஒன்றே விடை. ஆனால் அவர் குடும்பம் தோட்டத்தை விட்டு நகர்ந்து தொழில் நடத்தி நிமிர்ந்த குடும்பம். அவர் பயின்றது கண்டிப் புனித அந்தோனியார் கல்லூரி. பந்து, பயிற்சியாளர், போட்டி மூன்றும் அங்கே இருந்தன. லயன் அறையிலேயே தங்கிவிட்ட இன்னொரு மணிக்கட்டு எத்தனை ஓவர்கள் வீசியிருக்கும் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் பதியவில்லை.

பள்ளிக்கூடம் எதைச் செய்ய வல்லது என்பதைக் கூடைப்பந்தாட்டமே கிழக்கில் காட்டியது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பணியாற்றிய அமெரிக்க இயேசுசபைக் குருமார் அவ்வாட்டத்தை அங்கே ஊன்றினர். மட்டக்களப்பு விளையாட்டரங்கு இன்றும் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. யூஜின் ஹீபர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரி மாணவரைப் பயிற்றினார். தலைநகரின் பெருங்கழகங்களுக்கு வெகுதொலைவில், ஒரு தளமும் இரு வளையங்களும் பிடிவாதமான ஆசிரியர் சிலருமே நாட்டுக்கு ஆட்டக்காரரை உருவாக்கப் போதுமாயிருந்தனர். போரின் நடுவே, 1990 ஆகஸ்ட் 15இல், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் ஹீபர்ட் அடிகளார் தம் சாரதியுடன் காணாமற்போனார். மீண்டு வரவில்லை. அத்தகைய பயிற்சியாளர் ஒருவரை இழக்கும் ஊர், வருங்கால அணிகள் பலவற்றையும் சேர்த்தே இழக்கிறது.

கூடைப்பந்தாட்டத்தின் வழிவந்த வலைப்பந்தாட்டத்தில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் வரலாறு வேறொரு பாடம் தருகிறது. அவர் உயரம் 208 சென்ரிமீற்றர். போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் இலங்கை ஆசியச் சம்பியனான அணியில் அவர் ஆடினார். 2011 உலகப் போட்டியில் தலைசிறந்த எறிவாளரெனப் பெயர் பெற்றார். சில ஆண்டுகள் அணிக்கு வெளியே இருந்தபின் 2018இல் திரும்பினார். இலங்கை மீண்டும் ஆசிய முடி சூடியது. 2019 உலகக் கிண்ணத்தில் மற்றெவரினும் மிகுதியான புள்ளிகளை எறிந்தவர் அவரே. ஒருவரின் உயரத்தை நம்பி அணியைக் கட்டலாமா என்பது ஆட்ட நுணுக்கம் சார்ந்த கேள்வி. அதை விவாதிப்பதில் தவறில்லை. 1936இலேயே உயரமானவர்களைக் கூடைப்பந்தாட்டத்திலிருந்து விலக்கும் யோசனை எழுந்து, அமெரிக்கரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. நாம் கேட்பது வேறு: அந்த உயரத்தை ஊரிலேயே கண்டு, பந்தைக் கையில் கொடுத்து, கொழும்பு வரை அழைத்துவரும் ஏற்பாடு ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டா? அன்றித் தற்செயலாக ஒரு பெண் வந்து சேரும்வரை நாடு காத்திருக்கிறதா?

"திறமை ஒன்றே அளவுகோல், இனத்துக்கு இத்தனை, மாவட்டத்துக்கு இத்தனை என்று பங்கிட்டால் ஆட்டம் கெடும்" என்று சிலர் மறுப்பர். அம்மறுப்பில் உண்மையும் உண்டு. 1911இல் இங்கிலாந்து சென்ற முதல் அகில இந்தியக் கிரிக்கெட் அணி மதவாரியாகவே திரட்டப்பட்டது. தலைவர் பதவி பாட்டியாலா மகாராஜாவுக்கு வாய்த்தது. அப்பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவரோ, தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சமூகத்திற் பிறந்த பல்வங்கர் பாலு. பம்பாய் இந்து அணி அவர் கையிலிருந்த பந்தை ஏற்றது; தலைமையை அவருக்குத் தரவேயில்லை. நீண்ட போராட்டத்தின் பின், 1923இல், அவர் தம்பி விட்டல் தலைவரானார். சமூகங்களுக்கிடையே இடங்களைப் பங்கிடுவதால் மட்டும் அச்சமூகத்தின் அடித்தட்டுக்கு நீதி சென்றுவிடாது. 1948இல் தமிழர் ஒருவர் இலங்கை அணியின் தலைவராயிருந்ததால் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு என்ன கிட்டிற்று? இனத்தின் கணக்கு மட்டும் பார்ப்பவர் வர்க்கத்தின் கணக்கைத் தவறவிடுகிறார்.

ஆகவே திறமையே அளவுகோலாகட்டும். ஆனால் அளவுகோலை எல்லோரிடமும் கொண்டுசென்று அளந்தபின் அல்லவா அதை அளவுகோல் எனலாம்? கொழும்பில் சில நூறு பேரை அளந்துவிட்டு நாட்டின் சிறந்த பன்னிருவர் இவரென்பது கணக்குப் பிழை.

1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம், தேசிய அணிகளை அமைச்சரின் ஒப்புதலுக்கு உட்படுத்தியது. எனவே அணித்தெரிவு சங்கங்களின் உள்வீட்டுக் காரியமன்று. குடிமக்கள் கேள்வி கேட்கத்தக்க பொதுக் காரியம். தெரிவுக்கான அளவைகளைச் சிங்களத்திலும் தமிழிலும் முன்கூட்டியே வெளியிடுக. தெரிவுப் போட்டிகளை மாவட்டந்தோறும் நடத்துக. வரும் பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணமும் உணவும் கொடுக்க. தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஒரு சமதளம், இரு வளையங்கள், ஒரு பயிற்சியாசிரியர் என்பதை அரசு கடமையாகக் கொள்க. வளையம் மாட்டப் பெரும் பணம் வேண்டாம் என்பதை நெய்ஸ்மித்தின் பழக்கூடைகள் 1891இலேயே காட்டிவிட்டன.

அடுத்த முறை பன்னிருவர் பட்டியல் வெளியாகும்போது தேநீர்க் கடையில் வாதம் நடக்கட்டும்; பதின்மூன்றாமவருக்காகவும் வாதாடுவோம். அதனோடு, தெரிவுப் போட்டிக்கு எந்தெந்த ஊர்களிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்ற பட்டியலையும் கேட்டு வாங்குவோம்.