இரண்டாயிரம் டாலர் வரம்பு: அமெரிக்க மாற்றுத்திறனாளிகளின் சேமிப்பும் செலவும்

அமெரிக்காவில் அரசின் உதவித்தொகையை நம்பி வாழும் மாற்றுத்திறனாளி ஒருவரிடம், மாதம் பிறக்கும் கணத்தில் 2,000 டாலருக்கு மேல் கையிருப்பு இருந்தால், அம்மாதத்திற்கான உதவித்தொகையை அவர் இழக்கிறார். கூடுதலாக இருப்பது ஒரு டாலர் என்றாலும் விதி ஒன்றுதான். கணவன், மனைவி இருவரும் பயனாளிகள் என்றால் வரம்பு 3,000 டாலர். 1989ஆம் ஆண்டுக்குப் பிறகு இவ்வரம்பு உயர்த்தப்படவே இல்லை.

துணை வருமான உதவித் திட்டம் எனப்படும் எஸ்.எஸ்.ஐ. திட்டத்தின் விதி இது. 1972 அக்டோபரில் அதிபர் நிக்சன் கையொப்பமிட்ட சட்டத்தின் வழியே உருவாகி, 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வருமானமும் சொத்தும் மிகக் குறைந்த முதியோர், பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கானது. ஏறத்தாழ 74 லட்சம் பேர் இதன் பயனாளிகள். 2025ஆம் ஆண்டில் தனிநபருக்கு ஒன்றிய அரசு வழங்கிய அதிகபட்சத் தொகை மாதம் 967 டாலர். சில மாநிலங்கள் இதனுடன் சிறு தொகையைச் சேர்த்துத் தருகின்றன.

அதே நாட்டில் ஊனமுற்றோருக்கான மற்றொரு திட்டமும் உண்டு. வேலை செய்த காலத்தில் சமூகப் பாதுகாப்பு வரி செலுத்தியவர்களுக்கான காப்பீட்டுத் திட்டம் அது. அதில் சொத்து வரம்பு கிடையாது. வங்கியில் லட்சம் டாலர் வைத்திருந்தாலும் காப்பீட்டுத் தொகை தடையின்றி வரும். ஒருவரின் சேமிப்பு அவருடைய உரிமையாகவும், மற்றொருவரின் சேமிப்பு குற்றத்திற்கான சான்றாகவும் பார்க்கப்படுவது எதனால்? வேறுபாடு ஊனத்தில் இல்லை. அவரவருடைய உழைப்பு அரசின் ஏட்டில் பதிவானதா என்பதில் இருக்கிறது.

இந்த ஏட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலையாட்களையும் காப்பீட்டிலிருந்து விலக்கி வைத்தது. அன்று கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் செய்துவந்தவை இவ்விரு வேலைகளே. விலக்குக்கான காரணம் நிறவெறியா, வரி வசூலிப்பதில் இருந்த நிர்வாகச் சிக்கலா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகின்றனர். நோக்கம் எதுவாயினும் விளைவில் ஐயமில்லை. 1950களில் செய்யப்பட்ட திருத்தங்களே அவர்களை உள்ளே கொண்டுவந்தன. காப்பீட்டுக்குள் வராதோருக்கு எஞ்சியது, வறுமையை மாதந்தோறும் மெய்ப்பித்துப் பெறவேண்டிய உதவித்தொகை மட்டுமே. வயலிலும் வீட்டிலும் நடக்கும் உழைப்பு எவ்வாறு கணக்கில் வராமல் போகிறது என்பதைத் தலித் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எது சொத்து, எது சொத்தல்ல?

குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. ஒரு வாகனமும், வீட்டு உபயோகப் பொருட்களும் வரா. அடக்கச் செலவுக்கென ஒதுக்கி வைக்கும் தொகையில் 1,500 டாலர் வரை விலக்கு உண்டு. கையிலுள்ள ரொக்கம், வங்கி இருப்பு, பங்குகள், இரண்டாவது வாகனம் ஆகியவை கணக்கில் வரும். வீடு வாங்க வழியில்லாமல் வாடகைக்கு இருப்பவர், முன்பணத்திற்காகச் சேர்க்கும் தொகையும் இதில் அடங்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கனவே வீடுள்ளவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, வீட்டுக்காகச் சேமிப்பவருக்கு இல்லை.

வரம்பைத் தாண்டிய பணத்தை உறவினருக்குக் கொடுத்துவிட்டால் தப்பிக்க முடியாது. உரிய விலை பெறாமல் சொத்தைக் கைமாற்றினால் 36 மாதங்கள் வரை உதவித்தொகை மறுக்கப்படலாம். எனவே நிலுவைத்தொகை மொத்தமாக வந்து சேரும்போது, பற்களைச் சீரமைப்பது, மெத்தை வாங்குவது, கடனை அடைப்பது என்று குறித்த காலத்திற்குள் செலவழித்தாக வேண்டும். நிலுவைக்கு ஒன்பது மாத அவகாசம் உண்டு. வெளியிலிருந்து பார்ப்போர் இதை ஊதாரித்தனம் என்கிறார்கள். அது விதி விதித்த செலவு.

வரம்பு மீறியது பின்னர் தெரியவந்தால், அந்த மாதங்களுக்கான முழுத் தொகையும் 'கூடுதலாக வழங்கப்பட்டது' எனக் கணக்கிடப்பட்டு, வரும் மாதங்களில் பிடித்தம் செய்யப்படும். உதவித்தொகை தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் நிறுத்தப்பட்டால் திட்டத்திலிருந்தே நீக்கப்பட்டு, மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்க நேரும். பெரும்பாலான மாநிலங்களில் எஸ்.எஸ்.ஐ. பெறுவோருக்கு மெடிகெய்ட் மருத்துவ உதவி தானாகவே கிடைக்கிறது என்பதால், அஞ்சுவதற்குரிய இழப்பு உதவித்தொகையோடு முடிவதில்லை. சக்கர நாற்காலியும், வீட்டுக்கு வந்து உதவும் பணியாளரும் அதைச் சார்ந்தே இருக்கக்கூடும்.

சம்பாதிப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மாத வருமானத்தில் முதல் 20 டாலரும், உழைத்து ஈட்டியதில் மேலும் 65 டாலரும் விட்டுவைக்கப்படும்; மீதியில் பாதி உதவித்தொகையிலிருந்து குறைக்கப்படும். 2025ஆம் ஆண்டின் கணக்கில், வேறு வருமானம் ஏதுமில்லாத ஒருவர் 465 டாலர் சம்பாதித்தால், விலக்கு போக 380. அதில் பாதியான 190 டாலர் குறைந்து, 777 டாலர் வரும். இந்த 20, 65 என்ற எண்கள் 1974இல் எழுதப்பட்டவை. அன்றைய 65 டாலருக்கு வாங்கியவற்றை இன்று 400 டாலர் கொடுத்தும் வாங்க இயலாது.

திருமணம் செய்தால் இழப்பு வெளிப்படையாகவே தெரியும். பயனாளிகள் இருவர் தனித்தனியே வாழ்ந்தால், 2025ஆம் ஆண்டின் கணக்கில் இருவருக்குமாக 1,934 டாலர், மணந்துகொண்டால் 1,450. மாதம் 484 டாலர் குறைகிறது. பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தாலும், ஊரார் முன் கணவன் மனைவியாகக் காட்டிக்கொண்டால் மணமானவர்களாகவே கருதப்படுவர்.

உணவு அட்டையின் எல்லைகள்

உணவு உதவித் திட்டமான ஸ்நாப், சுமார் நான்கு கோடிப் பேருக்கு மின்னணு அட்டை வழியாக உணவுக்கான தொகையை வழங்குகிறது. 1964ஆம் ஆண்டின் உணவு முத்திரைச் சட்டத்தில் வேர்கொண்ட இத்திட்டம், 2008இல் இப்பெயரைப் பெற்றது. வீட்டிலுள்ள அனைவரும் எஸ்.எஸ்.ஐ. பெறுபவர் எனில் தனிச் சொத்துச் சோதனை பொதுவாக இல்லை. மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் மாதம் 35 டாலருக்கு மேற்பட்ட மருத்துவச் செலவைக் காட்டி, உணவுத்தொகையை உயர்த்திக்கொள்ளலாம். இவ்வுரிமையை அறியாமலே விட்டுவிடுவோர் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே சேமிப்பை விடச் செலவுக்கே கட்டுப்பாடு அதிகம். அரிசி, காய்கறி, இறைச்சி, பால், ரொட்டி வாங்கலாம்; உண்ணத்தக்க விளைச்சல் தரும் விதையும் நாற்றும்கூட வாங்கலாம். சோப்பு, கழிவறைக் காகிதம், குழந்தைக்கான டயப்பர், மாதவிடாய் அணையாடை, வைட்டமின் மாத்திரை, மது, புகையிலை ஆகியவற்றை வாங்க இயலாது. சூடாக விற்கப்படும் உணவுக்கும் தடை. ஒரே கடையில், குளிர்பெட்டியில் உள்ள வறுத்த கோழிக்கு அட்டை செல்லும். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த கோழிக்குச் செல்லாது. கைகளை அசைக்க இயலாதவருக்கும் அடுப்பில்லாத அறையில் வாழ்பவருக்கும் இவ்விதி பொருந்துகிறது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், வீடற்றோர் ஆகியோர் உணவகங்களில் அட்டையைப் பயன்படுத்த அனுமதிக்கும் ஏற்பாட்டைச் சில மாநிலங்கள் மட்டுமே நடத்துகின்றன.

சூடான உணவு என்றதும் 1977 ஏப்ரல் நினைவுக்கு வருகிறது. பாகுபாட்டுக்கு எதிரான 504ஆம் பிரிவின் விதிகளில் கையொப்பமிடக் கோரி, சான் பிரான்சிஸ்கோவின் ஒன்றிய அரசு அலுவலகத்தை மாற்றுத்திறனாளிகள் மூன்று வாரங்களுக்கும் மேலாக ஆக்கிரமித்திருந்தனர். உள்ளே இருந்தோருக்கு நாள்தோறும் சமைத்த உணவைக் கொண்டுவந்து கொடுத்தது கருஞ்சிறுத்தைகள் கட்சி. 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் தம் பெயரை எடுத்துக்கொண்டது அக்கட்சியிடமிருந்தே. ஏப்ரல் 28 அன்று விதிகள் கையொப்பமாயின.

சேமிக்க ஒரு குறுகிய வழி

2014 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் ஏபிள் எனும் சேமிப்புக் கணக்கை உருவாக்கியது. அதிலுள்ள தொகையில் 100,000 டாலர் வரை எஸ்.எஸ்.ஐ. கணக்கில் சேராது, வீடு, கல்வி, போக்குவரத்து, மருத்துவம் போன்றவற்றுக்குச் செலவிடலாம். 26 வயதுக்கு முன் ஊனம் நேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, 2026 ஜனவரி முதல் 46 வயது எனத் தளர்த்தப்பட்டுள்ளது. சுரங்கத்திலோ கட்டுமானத்திலோ ஐம்பது வயதில் முதுகொடிந்தவருக்கு இக்கதவு இன்னும் மூடியே இருக்கிறது. எஞ்சியோருக்கும், மாத உதவித்தொகையில் வாடகை போக மிஞ்சுவது எவ்வளவு என்ற கேள்வி இருக்கிறது. கணக்கை நிரப்ப வல்லவர்கள் பெரும்பாலும் வசதியான பெற்றோரைக் கொண்டவர்களே.

வரம்பைத் தனிநபருக்கு 10,000, தம்பதியருக்கு 20,000 டாலர் என உயர்த்தி, விலைவாசியோடு இணைக்கக் கோரும் மசோதாவை இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்தே நாடாளுமன்றத்தில் அறிமுகம் செய்துள்ளனர். அது நிறைவேறவில்லை. 1974இல் இருந்த 1,500 டாலர் வரம்பை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தியிருந்தாலே இன்று ஏறக்குறைய அதே 10,000 வந்திருக்கும். அதாவது மசோதா கேட்பது புதிய சலுகையன்று, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இருந்த நிலை. இதற்கிடையே ஏபிள் கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்ப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: கணக்குடையவர் இறந்தபின் மிஞ்சும் பணத்திலிருந்து, கணக்கு தொடங்கிய பிறகு தான் செலவிட்ட மெடிகெய்ட் தொகையைத் திரும்பக் கோர மாநில அரசுக்கு உரிமை தரப்பட்டுள்ளது.